மேட்டுப் பாதையில் மூன்றாவது ஆள்

செம்பாறைத்துறைக்கா மக்களே? காலுல ஷூவப் பாத்தேன், அதான் கேட்டேன். இந்த பஸ்ஸுல இப்படி ஷூ போட்டு, முதுகுல பை மாட்டிக்கிட்டு ஏறுதவங்க எல்லாரும் அந்தக் கடல் மேட்டுல நடக்கத்தான் போறாங்க. ஜன்னல் பக்கம் நீயே இரு, எனக்குக் காத்து ஆகாது. நானும் அங்கதான் போறேன். நடக்க இல்ல. நடந்தாச்சு. மூணு மாசம் முன்னால நடந்ததுக்குத்தான் இந்தா பாரு, இடது கையில பிளேட் வச்சுத் தைச்சிருக்கு.

முக்கா மணி நேரம் ஆகும். ரயில்வே கேட் அடைச்சிருந்தா இன்னும் கூட ஆகும். உனக்குத் தூக்கம் வரலன்னா சொல்லுதேன், கேளு. ஆனா ஒண்ணு, நான் பொறாமைக்காரி இல்ல. அத முதல்லயே சொல்லிருதேன். எங்க தெருவுல யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரு.

என் பேரு சுயம்புகனி. அவ பேரு அமலோற்பவம். நான் அமலம்னு கூப்பிடுவேன். உலகத்துல அவள அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன். இப்ப அந்த ஊர்மிளாவும் அமலம்னுதான் கூப்பிடுதா.

எண்பத்தாறுல நானும் அமலமும் ஒரே நாள்ல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலைக்குச் சேந்தோம். ட்ரங்க் போர்டுல பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். அப்பல்லாம் நாகர்கோவில்ல இருந்து பம்பாய்க்கு ஒருத்தர் பேசணும்னா எங்க கை வழியாத்தான் லைன் போகணும். காதுல ஹெட்செட்டு, கையில பிளக்கு. அவ கொண்டு வாற சாளை மீன் கறிய நான் தின்னுருவேன், என் டப்பாவுல இருக்குத உளுந்தஞ்சோத்த அவ தின்னுருவா. அப்படியே முப்பத்திநாலு வருஷம். என் வீட்டுக்காரரு பக்கத்துலகூட நான் அவ்வளவு நேரம் உக்காந்ததில்ல. நான் பேசுவேன், அவ கேப்பா. அது எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு மாதிரி. அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

ரிட்டயர் ஆன பொறவு, வருஷா வருஷம் பொங்கல் கழிஞ்சு ரெண்டு நாள் நாங்க ரெண்டு பேரும் மட்டும் வெளியூர் போவோம். ஒரு வருஷம் குற்றாலம், ஒரு வருஷம் வர்க்கலை, ஒரு வருஷம் பேச்சிப்பாறை. எங்கன்னு நான் முடிவு பண்ணுவேன், அவ சரின்னுவா. இந்த வருஷம் அவளுக்கு அறுபது. அறுபதுக்கு நல்லதா ஒண்ணு செய்யணும்லா? யோசிச்சு யோசிச்சு எனக்கு ஒண்ணு தோணிச்சு. அவ பிறந்த ஊரு செம்பாறைத்துறை. பத்து வயசுல குடும்பத்தோட அந்த ஊர விட்டு வந்தவ, அதுக்குப் பொறவு ஒரு தடவகூடப் போகல. பஸ்ஸுல முக்கா மணி நேரம்தான், அம்பது வருஷமாப் போகலன்னா பாவம் இல்லியா? வேலை, பிள்ளைங்கன்னு நேரமே கிடைச்சிருக்காதுன்னு நினைச்சேன். அங்க தங்கி, ரெண்டு நாளும் கடல் மேட்டு மேலயே நடக்கலாம்னு சொன்னேன். அவளுக்குக் கண்ணு மட்டும் நெறஞ்சுட்டு. சந்தோஷம்னு நினைச்சேன். நீ அந்த இடத்துல இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்ப.

ஆகஸ்ட் மாசமே ஆரம்பிச்சுட்டேன். நோட்டு ஒண்ணு போட்டேன். எனக்கு வேண்டியது நீல மையில, அவளுக்கு வேண்டியது பச்சை மையில. நேர்ல போய்ப் பாக்கணும்னு எனக்குத் தோணல. எதுக்குப் போகணும்? நான் கடைசி ஆறு வருஷம் நூத்தித் தொண்ணூத்தேழுல இருந்தவ. ஊர்ல யாரு நம்பரக் கேட்டாலும் தேடிச் சொல்லுத இடம் அது. போன்ல விசாரிச்சு எனக்குக் கிடைக்காத விஷயம் எதுவும் இருந்ததில்ல. பங்குக் கோயில் ஆபீஸுக்கு போன் போட்டேன், அவங்க மிக்கேல் அண்ணன் நம்பரத் தந்தாங்க. அவரு முன்னால கடலுக்குப் போனவரு, இப்ப வீட்டு மாடியில ரெண்டு ரூம் கெட்டி நடக்க வாறவங்களுக்கு விடுதாரு. லைட் ஹவுஸ் எத்தன மணிக்குத் திறப்பாங்க, பஸ் எப்பப்ப வரும், மேட்டுல வெயில் எந்தப் பக்கம் விழும், எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸு. சனிக்கிழமை காலையில ஊர்ல இருந்து மேற்கால மேட்டு விளிம்பு வழியா நடந்து லைட் ஹவுஸ், நாலரை கிலோமீட்டர், வெயில் ஏறுததுக்கு முன்னால போயிரணும். திரும்பி வர பஸ். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பொறவு கிழக்கால குருசடிச் சின்னக் கோயில் வரைக்கும், ரெண்டே கிலோமீட்டர். எங்க உக்காரணும், எங்க தண்ணி குடிக்கணும்னுகூட எழுதி வச்சிருந்தேன். காலையில புட்டும் பயறும், மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீனும்.

என் வீட்டுக்காரரு ஒரு நாள் அந்த நோட்டப் பொரட்டிப் பாத்துட்டு, "அவளுக்கு அங்க போக ஆசை உண்டான்னு கேட்டியா?"ன்னாரு. அவருக்கு எப்பவும் இப்படி ஏதாவது கேக்கணும். ஆசை இல்லாமலா கண்ணு நெறயும்னு சொல்லிட்டேன்.

அக்டோபர்ல ஊர்மிளா வந்தா. அமலம் இருக்குத பிளாட்ல எதுத்த வீட்டுக்குக் குடி வந்தா. மெட்ராஸ்ல ஏதோ ஸ்கூல்ல விளையாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவளாம். அம்பத்தெட்டு வயசு, பாத்தா நாப்பத்தெட்டுன்னு சொல்லுவ. வெள்ளைத் தொப்பி, கையில ரெண்டு மடக்குக் குச்சி. இமயமலைப் பக்கமெல்லாம் நடந்திருக்காளாம். அத அவளாச் சொல்லல, அமலம்தான் சொன்னா. ஊர்மிளா ரொம்பப் பேச மாட்டா. கேள்வி கேப்பா, கேட்டுட்டு நம்ம மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. அதுவும் ஒரு கர்வம்தான், எனக்குத் தெரியாதா?

அமலம் அவகூடக் காலையில நடக்க ஆரம்பிச்சா. என்கூட வடசேரிச் சந்தை வரைக்கும் நடக்கச் சொன்னா முட்டு வலிக்கும் அவளுக்கு. அவகூட நாலு கிலோமீட்டர் போறா. நான் போன் போட்டா எடுக்க மாட்டா, பொறவு அவளே கூப்பிட்டு, "ஊர்மிளாகூட இருந்தேன்"னுவா. எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லதுதானே, உடம்புக்கு நல்லதுதானே. நவம்பர் கடைசியில என் வீட்டுக்கு வந்து, ரொம்ப நேரம் தண்ணி டம்ளரையே உருட்டிக்கிட்டிருந்துட்டு, செம்பாறைத்துறைக்கு ஊர்மிளாவும் வரட்டுமான்னு கேட்டா. நான் என்ன சொல்ல முடியும்? தாராளமா வரட்டும்னேன். நோட்டுல அவ பேரையும் எழுதினேன். பென்சில்ல எழுதினேன். நீ சிரிக்க. அப்ப பக்கத்துல பேனா இல்ல, அவ்வளவுதான்.

டிசம்பர்ல மழை கொட்டிச்சு, உனக்கு ஞாபகம் இருக்கும். பொங்கல் முடிஞ்சு, நாங்க கிளம்ப பத்து நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாக்கிழமை ஊர்மிளா தனியா என் வீட்டு வாசல்ல வந்து நிக்கா. ஞாயித்துக்கிழமை அவ மட்டும் செம்பாறைத்துறைக்குப் போய் அந்த வழிய நடந்து பாத்துட்டு வந்திருக்கா. யாரு போகச் சொன்னது? நான் ஆறு மாசமாப் போட்ட திட்டத்த ஒரே நாள்ல போய் நடந்து பாத்துட்டு வந்துட்டா. போன்ல போட்டோ எல்லாம் எடுத்திருந்தா. ரெண்டாவது கிலோமீட்டர்ல, கொல்லாமரத் தோப்பு, முந்திரித் தோப்புதான், அது தாண்டினதும், விளிம்பு மழையில அரிச்சுப் போயிருக்கு, பாதை ஒரு அடிதான் மிச்சம் இருக்கு, அடியில மண்ணு இல்ல, அதனால தோப்புக்குள்ள திரும்பி ரோட்டுக்கு ஏறிப் போயிருவோம், ஒண்ணரை கிலோமீட்டர் கூடுதல்தான்னா. பொறவு சொல்லுதா, "இத நான் அமலத்துக்கிட்ட சொல்லலம்மா. நீங்க போட்ட திட்டம், நீங்களே மாத்திச் சொல்லிருங்க. அதுதான் நல்லாருக்கும்."

பாத்தியா அந்தச் சாமர்த்தியத்த? எனக்கு விட்டுக் கொடுக்காளாம். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவ படி இறங்கினதும் மிக்கேல் அண்ணனுக்கு போன் போட்டேன். மேட்டு வழியா லைட் ஹவுஸுக்குப் பாதை உண்டுல்லா அண்ணேன்னு கேட்டேன். எங்க தாத்தா காலத்துல இருந்தே உண்டும்மா, ஆனா இந்த மழைக்குப் பொறவுன்னு அவரு இழுத்தாரு. உண்டுல்லா, அது போதும்னு வச்சுட்டேன். அந்த ஊர்க்காரரே உண்டுன்னு சொன்ன பொறவு நான் என்னத்துக்கு மாத்தணும்? அமலத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லல.

வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸு. நான் பையெல்லாம் மேல வச்சுட்டுத் திரும்புததுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் ரெண்டு பேர் சீட்டுல உக்காந்துட்டாங்க. நான் எதுத்த பக்கம், ஒரு கோழிக்கூடைக்காரிகூட. இந்தப் பக்கம் இருந்து பாத்தேன், அமலம் ஊர்மிளா பையோட வாரப் பிடிச்சுக்கிட்டே வாறா. பஸ் செம்பாறைத்துறை வளைவுல திரும்பி, கடல் தெரிஞ்சதும் கண்ண மூடிக்கிட்டா. தலை சுத்துதாக்கும்னு நினைச்சேன். எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தேன், ஊர்மிளா கை வழியாத்தான் கொடுக்க வேண்டியிருந்துது.

மிக்கேல் அண்ணன் சம்சாரம் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுத் தந்தா. நான் அடுக்களையில போய் மறுநாளைக்கு என்ன வேணும்னு பேசிக்கிட்டிருக்கும்போதே அவங்க ரெண்டு பேரும் கோயில் பக்கம் கிளம்பிட்டாங்க. என்னக் கூப்பிடல. கூப்பிட்டாங்களோ என்னமோ, நான் பேசிக்கிட்டிருந்தேன். திரும்பி வரும்போது அமலத்துக்கு மொகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. ஊர்மிளா அவ கையப் பிடிச்சிருக்கா. நான் உள்ள போனதும் பேச்ச நிறுத்திட்டாங்க. இத்தன வருஷத்துல என்னப் பாத்து அமலம் பேச்ச நிறுத்தினது அன்னைக்குத்தான். என்னட்டின்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல சுயம்புன்னா. சாப்பாட்டுல மீன் நல்லாத்தான் இருந்துது, எனக்கு இறங்கல.

சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஊர்மிளா என்னப் பாத்து, நாளைக்குத் தோப்பு வழியாத்தானேன்னு மெதுவாக் கேட்டா. காலையில பாத்துக்கிடுவோம்னேன்.

சனிக்கிழமை விடிஞ்சதும் ஊர்மிளா மொட்டை மாடிக்குப் போனா. கையக் காலத் தூக்கி அரை மணி நேரம் என்னமோ செய்வா, தினமும் உண்டு. நான் அமலத்த உசுப்பினேன். ஷூவ மாட்டு, நாம ரெண்டு பேரும் முன்னால நடப்போம், அவ பின்னால வேகமா வந்து சேந்துக்கிடுவான்னேன். ஊர்மிளாகிட்ட சொல்லிட்டியான்னு கேட்டா. சொல்லியாச்சுன்னேன். பொய்தான். அந்த ஒரு பொய்தான் மக்களே நான் சொன்னது. வருஷா வருஷம் நாங்க ரெண்டு பேரும்தானே போவோம்? அந்த அரை மணி நேரமாவது எனக்கு இருக்கட்டும்னு நினைச்சேன். அது தப்பா?

அந்த அரை மணி நேரம் எவ்வளவு நல்லாருந்துதுன்னு உனக்குச் சொன்னாப் புரியாது. இடது கைப் பக்கம் கடல், ரொம்பக் கீழ. வெயில் இன்னும் ஏறல. செம்மண்ணு காலுக்கு மெத்து மெத்துன்னு இருக்கு. அமலம் என் கையப் பிடிச்சுக்கிட்டா. சின்னப் பிள்ள திருவிழாக் கூட்டத்துல பிடிக்க மாதிரி, இறுக்கி. எனக்கு மனசு குளுந்துட்டு. ஊர்மிளா வந்த பொறவு அமலம் இப்படி என் கையப் பிடிச்சதே இல்ல பாரு. நான் பேசிக்கிட்டே நடந்தேன், எக்ஸ்சேஞ்சுக் கதை, சூப்பர்வைசர் கதை, எல்லாம். அவ "ம்" கொட்டினா. கொட்டினாளா, கொட்டலியா, நான் கவனிக்கல.

கொல்லாமரத் தோப்புக்கிட்ட வந்ததும் அவ நின்னுட்டா. இந்தப் பக்கமாப் போலாமே சுயம்புன்னு தோப்புக்குள்ள கையக் காட்டுதா. எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. ஊர்மிளா சொல்லிக் கொடுத்திருக்கா, இவகிட்ட சொல்லலன்னு என்கிட்ட சொல்லிட்டு, இவகிட்டயும் சொல்லியிருக்கான்னு நினைச்சேன். நோட்டுல நேராத்தான் போட்டிருக்குன்னு இழுத்துக்கிட்டு நடந்தேன். கொஞ்ச தூரத்துல பாதை கரைஞ்சு கிடக்கு. ஊர்மிளா சொன்னது சரியாத்தான் இருந்துது, ஒரு அடிதான். பத்து எட்டு வச்சா அந்தப் பக்கம் நல்ல பாதை.

அமலம் அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. நான் வரலன்னா. அவ ஒதடெல்லாம் வெளுத்துட்டு. ஊர்மிளா கூப்பிட்டா இமயமலைக்கே போயிருவ, நான் கூப்பிட்டா பத்து எட்டு வர மாட்டியான்னு கேட்டேன். வாயில வந்துட்டு. பாரு, நான் நடந்து காட்டுதேன்னு இறங்கிட்டேன்.

நாலாவது எட்டுல மண்ணு போயிட்டு.

கத்தக்கூட நேரம் இல்ல. சறுக்கிக்கிட்டே போய், ஒரு தாழம்புதருல கால் மாட்டி நின்னேன். இடது கை பாறையில அடிச்சுது, அப்பவே உடஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. விளிம்பு என் தலைக்கு மேல ரெண்டு அடி. கீழ பாக்காதன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுக் கீழதான் பாத்தேன். பாறையும் நுரையும்தான். சரி, அவ்வளவுதான்னு நினைச்சேன். அப்ப மேல இருந்து ஒரு கை வந்து என் வலது மணிக்கட்டப் பிடிச்சுது. அமலம் குப்புறப் படுத்துக் கெடக்கா. பத்து எட்டு வர மாட்டேன்னவ, அந்த விளிம்புல நெஞ்சுவரைக்கும் வெளிய நீட்டிப் படுத்துக் கெடக்கா.

"ஜெனோவா, அசையாத," அப்படிங்கா.

பயத்துல புத்தி பேதலிச்சுட்டோன்னு நினைச்சேன். யாருட்டி ஜெனோவான்னு கேட்டேன்.

"என் தங்கச்சி."

முப்பத்திநாலு வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன், அவளுக்குத் தங்கச்சி இருந்ததே எனக்குத் தெரியாது. அந்தாலதான் சொல்ல ஆரம்பிச்சா. என் கைய விடாம, ஒரே குரல்ல, ட்ரங்க் போர்டுல நம்பர் சொல்லுத மாதிரி. அவளுக்குப் பத்து வயசு, ஜெனோவாவுக்கு ஏழு. கொல்லாம்பழம் பொறுக்க ரெண்டு பேரும் அந்தத் தோப்புக்கு வந்திருக்காங்க. ஒரு பழம் விளிம்புக்கு உருண்டு போயிருக்கு. சின்னவ எடுக்கப் போனா, மண்ணு இறங்கிட்டு. அமலம் ஓடி வந்து கையப் பிடிச்சிருக்கா. பிடிச்சுத்தான் இருந்திருக்கா, ரொம்ப நேரம். கை வேர்த்து வேர்த்து வழுக்கிட்டாம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் கடல் திருப்பிக் கொடுத்துது. அவங்க அம்மாவால அந்தக் கடலப் பாக்க முடியல, ஒரு மாசத்துல ஊர விட்டே வந்துட்டாங்க. தங்கச்சி செருப்பு என்ன நிறம்னுகூடச் சொன்னா. நான் பேசாமக் கேட்டுக்கிட்டிருந்தேன். கேக்காம எங்க போக?

இடையில ஒரு தடவ, கைய விட்டுருட்டி, நீயும் விழுந்துருவன்னு சொன்னேன். அவ, "வாய மூடு சுயம்பு"ன்னா. என்கிட்ட அவ அப்படிப் பேசினதே இல்ல.

முப்பது நிமிஷம்னு சொல்லுதாங்க, நாப்பதுன்னு சொல்லுதாங்க. ஊர்மிளா மாடியில இருந்து இறங்கி வந்து, ரெண்டு பேரையும் காணோம்னதும் புரிஞ்சுக்கிட்டாளாம். மிக்கேல் அண்ணனையும் இன்னும் ரெண்டு ஆளையும் கயிறோட கூட்டிக்கிட்டுத் தோப்பு வழியா ஓடி வந்திருக்கா. கயிற என் கக்கத்துல எப்படி மாட்டணும்னு அவதான் மேல இருந்து நிதானமாச் சொன்னா. தூக்கிப் போட்டாங்க. மண்ணுல மல்லாந்து கெடந்தேன்.

இப்ப நான் சொல்லுதத நல்லாக் கேளு. அத்தன நேரம் என் கைய விடாமப் பிடிச்சிருந்தவ. என்ன மேல தூக்கினதும், என் கைய விட்டுட்டு, எழுந்து போய் ஊர்மிளா தோள்ல விழுந்தா. விழுந்து அழுதா பாரு, அப்படி ஒரு அழுகை. அம்பது வருஷத்து அழுகை. ஊர்மிளா அவ முதுகத் தடவிக்கிட்டு நிக்கா. எனக்குக் கை உடஞ்சு தொங்குது, காலெல்லாம் ரத்தம். அந்த ரெண்டு ஆளுகளும் என்னத் தண்ணி குடிக்கச் சொல்லுதாங்க. எனக்கு வலி ஒண்ணும் தெரியல மக்களே. அந்தத் தோள்தான் தெரிஞ்சுது. விழுந்தது நான்லா? என்னைப் பிடிச்சிட்டு அழுதிருக்கக் கூடாதா?

ஊர்மிளா என்ன ஒரு வார்த்தை சொல்லல. அங்கயும் சொல்லல, ஆஸ்பத்திரியிலயும் சொல்லல. செவ்வாக்கிழமை வந்து போட்டோ காட்டினேனேன்னு யார்கிட்டயும் வாயத் திறக்கல. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் அவளப் பத்தி நாலு பேர்கிட்ட நாலு சொல்லியிருப்பேன். அதுக்கும் வழி இல்லாமப் பண்ணிட்டா.

கேட் அடைச்சிருக்கு, பாரு. இருக்கட்டும்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள் அமலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தா. தனியாத்தான் வந்தா. எனக்கு மனசு தாங்கல, கேட்டுட்டேன். மூணு மாசப் பழக்கம், அவகிட்ட சொல்லியிருக்க, என்கிட்ட ஏன் சொல்லலன்னு. அவ பழத்த உரிச்சுக்கிட்டே, கோபமே இல்லாமச் சொன்னா.

"சொன்னேன் சுயம்பு. தொண்ணூறுல, ஒரு ஏப்ரல் மாசம், போர்டுல இருக்கும்போது. இன்னைக்கு என் தங்கச்சி செத்த நாளுட்டின்னு ஆரம்பிச்சேன். இரு, பம்பாய் லைன் வருதுன்ன. லைன் போட்டுக் கொடுத்துட்டு உங்க மாமியாரு கதையச் சொல்ல ஆரம்பிச்சுட்ட. பொறவு நானும் சொல்லல."

எனக்கு ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல. பம்பாய் லைனுக்கு அப்பல்லாம் மூணு மணி நேரம் காத்துக் கெடக்கணும், வந்தா விட முடியுமா? அத அவகிட்ட சொன்னேன். சரிதான்னா.

அப்ப ஊர்மிளாகிட்ட மட்டும் எப்படிச் சொன்னன்னு கேட்டேன். "அவ கேட்டா. நீ செம்பாறைத்துறைன்னு சொல்லும்போதெல்லாம் உன் மொகம் மாறுதே, என்னன்னு கேட்டா. பயமா இருக்குன்னேன். அப்ப நானும் வாறேன்னா." உரிச்ச பழத்த என் கையில வச்சுட்டு, "உன்கிட்ட வரலன்னு சொல்ல மனசு வரல. பச்சை மையில எல்லாம் எழுதி வச்சிருந்தியே"ன்னா.

அந்த ஆரஞ்ச நான் திங்கவே இல்ல. கையிலயே வச்சுக்கிட்டிருந்தேன். நர்ஸு வந்து எடுத்துக்கிட்டுப் போனா.

அதுக்குப் பொறவு ரெண்டு மாசம் பேச்சு இல்ல. சண்டையும் இல்ல. அவ போன் போட்டா, நான் எடுக்கல. நான் போட்டேன், அவ நடந்துக்கிட்டிருப்பா. என் வீட்டுக்காரரு, நீயே போய்ப் பாரேன்னாரு. எதுத்த வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும், எதுக்குப் போகணும்னேன்.

போன வாரம் அவளே வீட்டுக்கு வந்தா. இன்னைக்குத்தான் ஜெனோவா செத்த நாள். கோயில்ல பூசைக்குக் கொடுத்திருக்கேன், முடிஞ்சதும் தோப்பு வழியா விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளியே நின்னு பூப் போட்டுட்டு வரணும், நீ வான்னா. யாரு யாரு போறோம்னு கேட்டேன். நீயும் நானும்தான்னா. எனக்கு எப்படி இருந்துது தெரியுமா? மூணு மாசத்துல அன்னைக்குத்தான் சோறு சோறா இறங்கிச்சு. அதோட விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? ஏன், ஊர்மிளா வரலியான்னு கேட்டேன். "அவதான் சொன்னா, இந்தத் தடவ சுயம்புவக் கூட்டிக்கிட்டுப் போன்னு."

பாத்தியா? அதுவும் அவ கொடுத்ததாத்தான் இருக்கணும் எனக்கு. அவ வேண்டாம்னு வச்ச இடம். வரலன்னு சொல்லிருவோமான்னுகூட ஒரு நிமிஷம் தோணிச்சு. சொல்லல. என்னமோ சொல்ல முடியல. என் வலது மணிக்கட்டுல அமலத்தோட நாலு விரல் தடம் ஒரு மாசம் கன்னிப் போய்க் கெடந்துது மக்களே.

அமலம் நேத்தே போயிட்டா, சாமியார்கிட்ட பேசணும்னு. கிளம்பும்போது வாசல்ல நின்னு ஒரு கண்டிஷன் போட்டா. "அன்னைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியச் சொல்லணும். நீ ஒண்ணும் பேசக் கூடாது சுயம்பு. நான் முடிக்குத வரைக்கும் கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கணும். முடியும்னா வா." முடியும்னு சொல்லிட்டேன். அதான் ஏறினதுல இருந்து உன்கிட்ட இப்படிக் கொட்டிக்கிட்டிருக்கேன். உள்ள வச்சுக்கிட்டுப் போனா வெளிய வந்துரும்.

கேட் திறந்துட்டு. இன்னும் ரெண்டு வளைவுதான். நீ நடக்கும்போது கொல்லாமரத் தோப்புக்கிட்ட வலது பக்கம் திரும்பிரு, என்ன? விளிம்புப் பக்கம் போகாத. இப்ப முள்வேலி போட்டிருக்காங்கன்னு கேள்வி, இருந்தாலும் சொல்லுதேன். அந்த வழிய யாரு முதல்ல சொன்னான்னு கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன்.

அந்தா நிக்கா. வேப்பமரத்துக்கு அடியில, கறுப்புக் குடை. தனியாத்தான் நிக்கா, சுத்திப் பாத்துட்டேன். மெலிஞ்சுட்டா. இறங்கின பொறவு நீ எதாவது கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், தப்பா நினைக்காத. தலைய மட்டும் ஆட்டுவேன்.

ஊர்மிளாவா இருந்தா இப்படி ஒரு கண்டிஷன் போடணும்னு அமலத்துக்குத் தோணியே இருக்காது, இல்லியா? ஒரு வாரமா அதத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். சரி, உன் பைய எடுத்துக்கோ. நீ முதல்ல இறங்கு.